நரம்பு நோயிலிருந்து மீள்பவருக்கு மருத்துவக் காளான்: எப்படித் தொடங்குவது?

கில்லன்-பாரே சிண்ட்ரோம் என்ற பெயரை, அது எனக்கு வரும்வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், பெரும்பாலும் ஏதாவது ஒரு தொற்று வந்துபோன பிறகு, வழி தவறிச் சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்கிவிடும். எனக்குக் கால் விரல்களில் மரத்துப்போதலாகத் தொடங்கி, பத்தே நாளில் எழுந்து நிற்க முடியாமல் செய்துவிட்டது. நோய் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை ஐந்து நாள் ஏற்றினார்கள். அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி.

வீட்டுக்கு வந்து படுத்திருந்த நாட்களில்தான் ‘நரம்பை வளர்க்கும் காளான்’ பற்றிய செய்திகளை ஆளாளுக்கு அனுப்பினார்கள். அக்கறையில் அனுப்பியவைதான். ஆனால் எதிலிருந்து தொடங்குவது, யார் தொடவே கூடாது, பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத் தேடிப் படித்து, மருத்துவரிடம் கேட்டு, செய்து பார்த்ததை அதே இடத்தில் இப்போது நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீண்டுவரும் உடலில் எதைச் சாப்பிட்டாலும் அது வேலை செய்வது போலத்தான் தெரியும். உடல் எப்படியும் தேறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கையில் இருந்த டப்பாவுக்கு நன்றி சொல்லிவிடுகிறோம். அதனால் காளானைத் தேர்ந்தெடுப்பதைவிட, அதன் பலனைப் பிரித்துப் பார்க்கும்படி தொடங்குவதுதான் முக்கியம்.

இப்போது தொடங்கலாமா?

நோய் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் வேண்டாம். கில்லன்-பாரேயில் பலவீனம் பொதுவாக நான்கு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். அது நின்று, உடல் நிதானமாகி, மருத்துவர் ‘இனி உடற்பயிற்சிதான்’ என்று சொன்ன பிறகுதான் இந்தப் பேச்சே.

விழுங்குவதில் சிரமம் மிச்சமிருந்தாலும் காத்திருங்கள். காளான் பொடி தொண்டையில் ஒட்டும். பெரிய கேப்சூல் பாதியில் நிற்கும். நோய்க்கு முன் சாதாரணமாக விழுங்கியதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையில் இருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், காளான் ஒவ்வாமையோ கடுமையான ஆஸ்துமாவோ உள்ளவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், இவர்களெல்லாம் மருத்துவர் சரி என்று சொல்லாமல் ஒரு சிட்டிகைகூட எடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதை மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

உங்கள் நோய் எந்த வகை?

பலரும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி.

மருத்துவக் காளான்களின் செல் சுவரில் பீட்டா-குளுக்கன் என்ற நார்ச்சர்க்கரை இருக்கிறது. நம் வெள்ளணுக்கள் சிலவற்றின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளவே டெக்டின்-1 என்ற ஏற்பி உண்டு. பூஞ்சை உள்ளே வந்துவிட்டது என்று உடல் அறிந்துகொள்ளும் வழி அது. பீட்டா-குளுக்கன் அதில் உட்கார்ந்ததும் அந்த அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ‘நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்’ என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதன் பொருள் இதுதான். சளி பிடித்தவருக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றலாம். சொந்த எதிர்ப்பு மண்டலமே நரம்பைக் கடித்த நமக்கு, அது நின்று யோசிக்க வேண்டிய வரி.

இதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கில்லன்-பாரே பெரும்பாலானவர்களுக்கு ஒரே முறை வந்து அடங்கிவிடும். சி.ஐ.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட வகை அப்படியல்ல. தாக்குதல் உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும், அதை அடக்கத்தான் ஸ்டீராய்டோ இம்யூனோகுளோபுலினோ தொடர்ந்து கொடுக்கிறார்கள். நியூரோமயலைடிஸ் ஆப்டிகா (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குவது), மயஸ்தீனியா கிரேவிஸ் (தசைகளைத் தளரவைப்பது), தன்னுடல் தாக்கு மூளை அழற்சி ஆகியவையும் மறுபடி தலைதூக்கக் கூடியவை. ஒரு கையால் அடக்குவதை இன்னொரு கையால் தட்டி எழுப்புவது சரியில்லை. இந்த வகையில் இருப்பவர்கள் சாறு, கேப்சூல் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி நினைத்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

காளானுக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை

வைட்டமின் பி12, வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், இவ்வளவும் பார்த்துவிடுங்கள். பி12 குறைந்தாலே கை கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். அதைச் சரிசெய்யாமல் காளானைத் தேடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி. கல்லீரல், சிறுநீரக அளவு எதற்கு என்றால், பிறகு ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் ஒன்று வேண்டும்.

‘நரம்புக்கு’ என்று விற்கும் கலவைகளில் காளானோடு வைட்டமின் பி6-ஐயும் சேர்த்திருப்பார்கள். பி6 அதிக அளவில் நாள்பட உடலில் சேர்ந்தால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். ஏற்கெனவே ஒரு பி காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இதையும் எடுத்தால், குணமாக்க வாங்கியதே மரத்துப்போதலைக் கூட்டிவிடும். கலவை எதுவானாலும் வேண்டாம். ஒரே காளான் மட்டும் உள்ளதை வாங்குங்கள்.

லயன்ஸ் மேன்

நம்மைப் போன்றவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். தமிழில் சிங்கப்பிடரிக் காளான் என்று சொல்லலாம். தண்டு, குடை எதுவும் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பந்து, அதிலிருந்து மெல்லிய முட்கள் கீழ்நோக்கித் தொங்கும். அறிவியல் பெயர் ஹெரிசியம் எரினேசியஸ்.

இதன் பெயர் நரம்போடு சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1990-களில் ஜப்பானிய வேதியியலாளர் கவாகிஷியின் குழு இந்தக் காளானிலிருந்து ஹெரிசினோன், எரினசின் என்ற சேர்மங்களைப் பிரித்தெடுத்தது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அவை நரம்பு வளர்ச்சிக் காரணி, அதாவது என்.ஜி.எஃப். என்ற புரதத்தின் உற்பத்தியைக் கூட்டின. என்.ஜி.எஃப். சாதாரணப் பொருள் இல்லை. அது தொடர்பான கண்டுபிடிப்புக்காகத்தான் ரீட்டா லெவி-மோண்டல்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் அடிக்கடி சொல்லப்படுவது 2009-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு. லேசான மறதி உள்ள, 50 முதல் 80 வயது வரையிலான 30 பேர். ஒரு நாளைக்கு 3 கிராம் அளவில் 16 வாரம் காளான் பொடி மாத்திரை. சாப்பிட்டவர்களின் நினைவுத்திறன் மதிப்பெண் உயர்ந்தது. நிறுத்தி நான்கு வாரத்தில் மீண்டும் இறங்கியது. 2011-இல் மலேசிய ஆய்வாளர்கள், கால் நரம்பு நசுக்கப்பட்ட எலிகளுக்கு இதன் நீர்ச்சாற்றைக் கொடுத்தபோது அவை சீக்கிரம் தேறியதாக எழுதினார்கள். நம்பிக்கை தரும் செய்திகள்தான். ஆனால் ஒன்று மறதி, இன்னொன்று எலி. இரண்டுமே நம் நோய் இல்லை.

என்.ஜி.எஃப். எல்லா நரம்பையும் வளர்ப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வலியையும் வெப்பத்தையும் உணரும் மெல்லிய நரம்புகளும், வியர்வை, இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கவனிக்கும் நரம்புகளில் ஒரு பகுதியும்தான் அதை நம்பியிருப்பவை. தசையை அசைக்கும் நரம்பு அந்த வகையில் சேராது. பாதம் தூக்க வரவில்லை என்பதற்காக இதைச் சாப்பிடுபவர் இதை யோசிக்க வேண்டும். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களுக்கு என்.ஜி.எஃப்.-ஐயே ஊசியாகப் போட்டுப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றும் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். 2000-இல் முடிவு வந்தது: பலன் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வலிதான் கூடியது. பிறகு வேறு ஆய்வாளர்கள் என்.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்துகளை வலி நிவாரணியாகச் சோதித்தார்கள். பாதம் எரிகிறது, இரவில் ஊசி குத்துகிறது என்பவர்கள் இந்தக் காளானைத் தொடங்கினால் வலியின் அளவைத் தினமும் குறித்துவைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மற்ற காளான்கள்

ரெய்ஷி கசப்பானது. தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் என்று சொல்வார்கள். இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் தன்மை அதற்கு உண்டு. இரத்தம் இளக்கும் மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து. ரெய்ஷிப் பொடியால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் அசாத்தியோபிரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த மாத்திரையே கல்லீரலைச் சோதிக்கும். அதன் மேல் இதையும் ஏற்ற வேண்டாம்.

கார்டிசெப்ஸ் சோர்வுக்கு என்று விற்கப்படுகிறது. வளர்ப்பு வகையான மிலிடாரிஸ் தவிர மற்றதைத் தொட வேண்டாம். மலையிலிருந்து எடுக்கும், கம்பளிப்பூச்சியின் உடலில் வளரும் காட்டுக் கார்டிசெப்ஸில் ஆர்சனிக் அதிகம் இருப்பதாகச் சீன உணவு மருந்துத் துறை 2016-இல் எச்சரித்தது. டர்க்கி டெயில் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டவே பயன்படுவது. அதிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்ற பொருள் ஜப்பானில் 1977 முதல் புற்றுநோய் சிகிச்சைக்குத் துணையாக இருந்தது. அந்தக் காரணத்துக்காகவே நான் அதை விலக்கிவைத்தேன். சாகாவில் ஆக்சலேட் மிக அதிகம், சிறுநீரகத்தைக் கெடுத்த பதிவும் உண்டு. மாய்டாகே இரத்தச் சர்க்கரையை இறக்கக்கூடும்.

சைலோசிபின் உள்ள போதைக் காளான், சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட அமானிட்டா மஸ்காரியா, இவை இரண்டும் இந்தப் பட்டியலில் சேர்ந்தவையே அல்ல. மூளையை நேரடியாகப் பாதிப்பவை. சில மிட்டாய்களில் ‘காளான் கலவை’ என்ற பெயரில் ஒளிந்து வருகின்றன. காட்டில் தானாக முளைத்ததைப் பறித்துச் சாப்பிடுவதும் வேண்டாம்.

டப்பாவைப் படிப்பது

முழுக் காளானா, பூஞ்சை இழையா என்று முதலில் பாருங்கள். மைசீலியம் என்று எழுதியிருந்தால், அது தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழை. பல சமயம் அந்தத் தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடுகிறார்கள். ‘பாலிசாக்கரைடு 40 சதவீதம்’ என்று இருந்தால் மயங்க வேண்டாம், மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான். பீட்டா-குளுக்கன் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அரை தேக்கரண்டிப் பொடியை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு இரண்டு சொட்டு அயோடின் டிங்சர் விடுங்கள். நான் முதலில் வாங்கிய பொடி, சொட்டு விழுந்த இடத்தில் கருநீலமாகத் திரண்டு, கலக்கியதும் கோப்பை முழுதும் மை போல ஆனது. அவ்வளவும் மாவுச்சத்து. இரண்டாவதாக வாங்கியது அயோடினின் பழுப்பு நிறத்திலேயே நின்றது. நிறம் மாறவில்லை என்பதால் பொடி உயர்தரம் என்று ஆகிவிடாது. மாவு கலக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

மூன்றாம் தரப்பு ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். அதில் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கும், கிருமி எண்ணிக்கையும் இருக்க வேண்டும். காளான் மண்ணிலும் ஊடகத்திலும் உள்ள உலோகத்தை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. ஈயமும் ஆர்சனிக்கும் பாதரசமும் நரம்பைக் கெடுப்பவை. கேட்டும் சான்று தராதவரிடம் வாங்க வேண்டாம். இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது: அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷிப் பொருட்களைச் சோதித்த ஆய்வு ஒன்றில், 5 மட்டும்தான் உண்மையான ரெய்ஷியோடு ஒத்துப்போயின.

நோட்டுப்புத்தகம்

தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் எதையும் புதிதாகச் சேர்க்காமல், அளந்து மட்டும் பாருங்கள். சட்டையில் ஐந்து பொத்தான் போட எவ்வளவு நேரம், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி, வலி பத்துக்கு எவ்வளவு, மதியச் சோர்வு பத்துக்கு எவ்வளவு. நான்கு எண் போதும். வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரத்தில்.

அறுந்த நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை வளர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை மட்டும் பழுதானவர்கள் இதைவிடச் சீக்கிரம் தேறுவார்கள். எப்படியானாலும் உங்கள் முன்னேற்றத்துக்கு என்று ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகம் முன்பே தெரிந்திருந்தால்தான், காளான் அதை மாற்றியதா என்று சொல்ல முடியும்.

மருத்துவரிடம் கேட்பது

‘டாக்டர், காளான் சாப்பிடலாமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். டப்பாவையோ அதன் படத்தையோ கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘என் மாத்திரைகளில் எதோடாவது இது மோதுமா? கல்லீரல் பரிசோதனையை எப்போது திரும்ப எடுக்கலாம்? எது தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்?’ என்று கேளுங்கள். எனக்கு இந்த மூன்று கேள்விக்கும் நிதானமாகப் பதில் கிடைத்தது. ‘எட்டாவது வாரம் ஒருமுறை கல்லீரல் பார்த்துவிடுவோம்’ என்று அவராகவே சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

தொடங்குவது

முடிந்தால் முதலில் சமைத்த காளானாகச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வாமை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பழுப்பேறியதும் புளித்த வாடை வருவதும் பழசு. வெள்ளைப் பந்தைக் கையாலேயே இழை இழையாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். விரல் தேறாதவர்களுக்கு இது நல்ல பயிற்சி; என் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து எதையாவது பிடித்து இழுத்தது அன்றுதான். உட்கார்ந்தே செய்யுங்கள். எண்ணெய் விடாத சட்டியில் முதலில் வதக்கினால் நிறையத் தண்ணீர் விடும். அது வற்றி ஓரம் பொன்னிறமான பிறகு கொஞ்சம் எண்ணெய். காளானின் செல் சுவரில் பீட்டா-குளுக்கனோடு கைட்டின் என்ற கடினமான பொருளும் இருக்கிறது. வேகாமல் தின்றால் சரியாகச் செரிக்காது. ஷிடாகே என்ற இன்னொரு காளானை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சிலருக்குச் சாட்டையால் அடித்தது போல முதுகில் கோடு கோடாகத் தடிப்பு வரும்.

ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை என்றால் பொடிக்குப் போகலாம். லயன்ஸ் மேன் பொடி காலையில், சாப்பாட்டோடு, அரை கிராம். இரண்டு வாரம் கழித்து ஒரு கிராம். அந்த ஜப்பானிய ஆய்வின் அளவான 3 கிராமைத் தாண்ட வேண்டாம். நான் 2 கிராமோடு நிறுத்திக்கொண்டேன். செறிவூட்டிய சாறு என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, டப்பாவில் உள்ள அளவில் கால் பங்கிலிருந்து ஏறுங்கள். அதே மாதத்தில் புது மாத்திரை, புது உடற்பயிற்சி, இன்னொரு காளான் எதையும் சேர்க்க வேண்டாம். பிசியோதெரபியை ஒரு நாளும் விட வேண்டாம்.

வயிறு உப்புதல் சில நாளில் சரியாகும். அரிப்பு, தடிப்பு, கண் மஞ்சளாவது, சிறுநீர் கருப்பது, காரணமில்லாமல் உடம்பில் கன்றுவது, வலி எண் இரண்டு வாரமாக ஏறிக்கொண்டே போவது, இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சிரைப்போ முகம், உதடு வீங்குவதோ என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. புதிதாகப் பலவீனம் கூடுகிறது, விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றாலும் அப்படித்தான். காளானால்தானோ, இரண்டு நாள் பார்ப்போமே என்று யோசிக்கவே கூடாது. அந்த இரண்டு நாள் நமக்கு மிக விலை உயர்ந்தது.

16 வாரம் முடிந்ததும் நான்கு வாரம் முழுதாக நிறுத்துங்கள். நோட்டில் எழுதுவதை மட்டும் நிறுத்த வேண்டாம். சாப்பிட்ட வாரங்களைவிட இந்த நான்கு வாரம் சொல்வதுதான் அதிகம்.

என் நோட்டுப் பக்கத்தில் இருந்தது இது. ஐந்து பொத்தான் போட, அளக்கத் தொடங்கிய நாளில் 3 நிமிடம் 55 வினாடி. இரண்டு வாரம் கழித்து, காளான் தொடங்கிய நாளில் 3 நிமிடம் 40. 16 வாரம் முடிந்தபோது 1 நிமிடம் 50. நிறுத்திய நான்கு வாரத்துக்குப் பின் 1 நிமிடம் 25. வாரத்துக்கு ஏறக்குறைய ஏழு வினாடி. முன்பும் அதேதான், சாப்பிட்டபோதும் அதேதான், நிறுத்திய பிறகும் அதேதான். மதியச் சோர்வு மட்டும் ஆறிலிருந்து நாலுக்கு வந்து அங்கேயே நின்றது. மருத்துவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். நான் அடுத்த டப்பா வாங்கவில்லை. கிடைக்கும்போது அந்த வெள்ளைப் பந்தை வாங்கி, உட்கார்ந்து பிய்த்து வதக்கிச் சாப்பிடுகிறேன், பிடித்திருக்கிறது. இப்போது இரண்டு கையாலும் பிய்க்க வருகிறது.